பதினான்கு பிகோசெகண்டும் மூன்று நாளும்

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை ‘நாந்தான்’.

தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம். தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான், அங்கே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் நாள் அது. நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் இந்த வேண்டாத வேலை எதற்கு என்று பேராசிரியர் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சொல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். யாருக்கோ தைத்த வெள்ளைக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்து வைத்தார். உள்ளே கண்ணாடிச் சில்லுகள்.

“குவார்ட்ஸ் செல் சார். ஒடஞ்சிபோச்சு. நாந்தான் சார்.”

கரைசலை ஊற்றி லேசர் முன்னால் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு எங்கள் மொழியில் செல் என்று பெயர். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவர் உடைத்ததை யாரும் பார்க்கவில்லை. சில்லுகளைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தால் வருடக் கடைசியில் கணக்கெடுக்கும் வரை ஈ, காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. பேராசிரியர் கத்தித் தீர்த்தார். அந்தப் பெண் தலையைக் குனியவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல நின்றுவிட்டு, முடிந்ததும் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இவருக்கு விவரம் போதாது என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆய்வுக்கூடமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று தெரிந்த பிறகும் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. கீழ்க்கட்டளையில் வீடு. பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்துவிட்டு இங்கே ஒப்பந்த டெக்னீஷியனாக வந்தவர். வருடத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. இப்படி நூலில் தொங்குகிற வேலையில் இருப்பவர் தன் தப்பை மறைக்கத்தானே பார்ப்பார்? இவர் தேடிப்போய்ச் சொல்வார். ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டில் நாங்கள் எல்லோரும் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் எழுத, இவர் மட்டும் தமிழில் எழுதுவார். ‘இன்று கை நடுங்கியது. இரண்டு சொட்டு கூட விழுந்தது. நான்.’ இதுதான் அவர் நடை. யார் என்ற கேள்வி எழும் முன்பே பதிலை எழுதி வைத்துவிடுவார்.

ஒருநாள் தாமதமாக வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“காலைல மோட்டார போட்டுட்டு மறந்துட்டேன் மேடம். டேங்க் ரொம்பி தண்ணி அம்மாம் வீணாப் போச்சு. நாலு வூட்டுக்கும் போய் சொல்லிட்டு வந்தேன்.”

“நாலு வீட்டுக்காரங்களும் சண்டைக்கு வந்தாங்களா?”

“ரெண்டு வூட்ல கத்துனாங்க. ஒரு வூட்ல பரவால்லன்னாங்க. இன்னொரு வூட்ல அவங்களுக்கு விஷயமே தெரியாது. நான் சொன்னப்பறம்தான் கத்துனாங்க.”

“தெரியாதவங்ககிட்ட எதுக்கு அக்கா போய்ச் சொன்னீங்க?”

“தண்ணி அவங்களுதும்தானே மேடம்?”

கூடவே இருந்தால் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். என் கல்லூரிப் பாடம் ஒன்றை யூடியூபில் போட்டிருந்தார்கள். ஆசையாக அவருக்கு அனுப்பினேன். மறுநாள் வந்ததும் வராததுமாக, “மேடம், உங்க கிளாஸ் பாத்தேன். பாதில தூங்கிட்டேன். சாரி” என்றார். ஒரு வாரம் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை.

இப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஊர் சும்மா விடுமா? ஏசியை அணைக்காமல் போனது யார்? அக்காவாக இருக்கும். சர்க்கரை டப்பாவை மூடாமல் எறும்பு வரவிட்டது? அக்காதான். ஆனால் தன்மேல் இல்லாததை அவர் வாங்கிக்கொள்ளவும் மாட்டார். “இது நான் இல்ல” என்பார், அவ்வளவுதான். தன் தப்பு அத்தனையையும் ஒத்துக்கொள்ளும் வாய் ‘இல்லை’ என்று சொன்னால், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர்களுக்குக்கூட அந்த மதிப்பு கிடையாது.

எங்கள் ஆராய்ச்சி செண்டுமல்லிப் பூவில் இருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் வாங்கி, இதழ் உதிர்த்து, காயவைத்து, அதன் மஞ்சளைப் பிரித்தெடுப்போம். அந்த மஞ்சளுக்கு லூட்டீன் என்று பெயர். கேரட்டின் ஆரஞ்சும் தக்காளியின் சிவப்பும் அதற்குச் சொந்தக்காரர்கள். கரோட்டினாய்டு என்பது குடும்பப் பெயர். வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும் என்பதால், ஒரு மங்கலான விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு இருட்டறையில்தான் வேலை.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வெளிச்சத்தை ஆவலாக வாங்கிக்கொள்ளும், ஆனால் வெளிச்சமாகத் திருப்பித் தராது. வாங்கிய வேகத்தில் உச்சிக்கு ஏறி, அங்கே நிற்காமல் நடுவில் ஒரு நிலைக்கு விழுந்து, சில பிகோசெகண்டுகள் தங்கி, பிறகு வெறும் சூடாக இறங்கிவிடும். பிகோசெகண்ட் என்பது ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறு போட்டதில் ஒரு கூறு. அந்த நடு நிலைக்கு நேரடியாக ஒளியைப் பாய்ச்சி மூலக்கூறை ஏற்றிவிட முடியாது. அதனால் அதை இருட்டு நிலை என்போம். நான் இதைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு அக்காவுக்கு விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்.

“அதாவது, நடுவுல ஒரு ரூம்பு கீது. அதுக்கு வெளிய இருந்து கதவு கெடையாது. மாடிக்குப் போய், அங்கருந்து எறங்கித்தான் உள்ள போவணும். அப்டித்தானே?”

நான் மூன்று பக்கம் எழுதியிருந்தது அதுதான்.

“சரி, அவ்ளோ அவசரமா எறக்கி வெச்சுடுதே, இன்னாத்துக்கு?”

இலைக்குள் பக்கத்தில் பச்சையம் இருந்தால் வாங்கியதை அதற்குக் கொடுத்துவிடும், வெயில் மிஞ்சிப்போனால் மிச்சத்தைச் சூடாக இறக்கி இலையைக் காப்பாற்றும், யாராவது வைத்துக்கொண்டே இருந்தால் இலை கருகிவிடும் என்றேன். “அது சரி. வெச்சுகினு இருந்தா பேஜாருதான்” என்று தலையாட்டிவிட்டு வடிதாளை மடிக்கப் போய்விட்டார். தன்னைப் பற்றித்தான் பேசினோம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தோன்றியது.

அந்தத் தங்கல் எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் வேலை. முதல் லேசர் துடிப்பு மூலக்கூறை எழுப்பிவிடும். இரண்டாவது கொஞ்சம் தாமதித்து வந்து, எழுந்தது இன்னும் விழித்திருக்கிறதா என்று பார்க்கும். அந்தத் தாமதத்துக்குக் கடிகாரம் இல்லை. ஒரு கண்ணாடியைப் பின்னுக்கு நகர்த்தி இரண்டாவது ஒளியைச் சுற்றி வரவைப்போம். ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தினால் பத்து பிகோசெகண்ட். லூட்டீன் பதினான்கு பிகோசெகண்ட் வாக்கில் இறங்கிவிடும் என்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. திரையில் ஒரு கோடு ஏறி, சரிந்து, பூஜ்யத்தில் படுத்துவிடும்.

என் கோடு படுக்கவில்லை.

பதினான்கில் சரிந்ததுதான். ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு அப்படியே தொங்கியது. கண்ணாடியைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தோம். ஆயிரம் பிகோசெகண்ட் தாண்டியும் சாகவில்லை. வெறும் கரைப்பானை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. மறுபடி சாம்பிள் வைத்தால் தொங்கியது. மூன்று சனிக்கிழமைகள் இப்படியே. யாரும் பார்க்காத ஒரு புது நிலை என்று பேராசிரியர் சொல்லத் தொடங்கினார். எனக்கோ அது கடைசி நீட்டிப்பு. அடுத்த ஆறு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எட்டு வருட உழைப்பும் பதிவோடு ரத்து. அந்தத் தொங்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கி எழுந்தேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று பேராசிரியர் இன்னொருமுறை அளக்கச் சொன்னார். அன்று எனக்குக் கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு. அக்கா தனியாகச் செய்தார். கோடு பதினான்கில் சரிந்து பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

மறுநாள் எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் பேராசிரியர் கேட்டார். “இத்தனை நாள் இருந்தது எங்கே போச்சு? அப்படின்னா முன்னாடி செல்லுல ஏதோ அழுக்கு ஒட்டியிருந்திருக்கு. கழுவுறது யாரு?”

“நான் சார்.”

“அப்போ?”

“நான் கழுவுனது சுத்தம் சார். இது நான் இல்ல.”

“எல்லாத்துக்கும் நாந்தான் நாந்தான்னு வந்து நிப்ப. வேலைக்கு ஆபத்துன்னதும் மாத்திப் பேசுறியா?”

அது அந்த மாதக் கடைசி வாரம். அக்காவின் நீட்டிப்புக் கடிதம் பேராசிரியரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை எடுத்துக் கோப்புக்குள் சொருகிவிட்டு, “வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்றார். அன்று செவ்வாய்.

அக்கா அழவில்லை, நியாயம் பேசவில்லை. நேராக இருட்டறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். விளக்கை அணைத்துவிட்டு புற ஊதாக்கதிர் டார்ச்சை எடுத்தார். சாயம் எது ஒட்டியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் மின்னும். செல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். சுத்தம். கழுவும் தொட்டி, துணி, தன் இரண்டு கைகள். சுத்தம். பிறகு செல்லின் மூடிகள் இருந்த டப்பாவைத் திறந்தார். நான் வழக்கமாக எடுக்கும் மூடியின் விளிம்பில் ஓர் ஆரஞ்சுக் கீற்று மின்னியது.

“மேடம், கைய காட்டுங்க.”

காட்டினேன். என் வலது மோதிர விரலின் நுனி இருட்டில் தணல் மாதிரி இருந்தது. டார்ச் மெல்ல என் முகத்துக்கு ஏறியது. என் நெற்றியும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அக்கா அங்கேயே டார்ச்சை நிறுத்திவிட்டார்.

குங்குமம்.

இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. கடைசி நீட்டிப்பு வாங்கியதிலிருந்து நான் சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைக் கோயிலுக்குப் படி ஏறிக்கொண்டிருந்தேன். கைப்பையில் ஒரு குங்குமப் பாக்கெட். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால், அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வேன். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, ராசி என்று நானே சாம்பிள் செல்லை மூடுவேன். பேராசிரியர் நிற்கவைத்துக் கேட்ட அன்று காலையும் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். கையுறையை எடுத்து மாட்டுவது அதே விரல்தானே? மஞ்சளில் செய்த குங்குமமாக இருந்தால் அந்த நிறத்தில் மின்னியிருக்காது. இது எங்கோ கடையில் வாங்கிய பளீர்ச் சிவப்பு, சாயம் போட்டது. அந்தச் சாயம் வெளிச்சத்தை வாங்கினால் ஆயிரக்கணக்கான பிகோசெகண்ட் வைத்துக்கொண்டிருக்கும். வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியாமலா? என் புது நிலை என் விரல் நுனியில் இருந்திருக்கிறது.

“அக்கா, யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றேன். “கல்லூரியில் தெரிஞ்சா சிரிப்பா சிரிப்பாங்க. சாருக்குத் தெரிஞ்சா என்னை வெளியே அனுப்பிடுவார். மூடியை மாத்திட்டு மறுபடி அளந்துக்கலாம்.”

அக்கா டார்ச்சை அணைத்தார். இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது.

“என்னுதா இருந்தா இந்நேரம் சொல்லிட்டு வந்திருப்பேன் மேடம். இது உங்களுது. உங்களுத நான் தூக்கிகினு போய் சொல்றது முறையில்ல.”

“அப்போ சொல்ல மாட்டீங்களா?”

“நானாப் போய் சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்.”

பேராசிரியர் கேட்கவில்லை. மேடத்தின் கையைப் பார்த்தாயா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? புதன், வியாழன் போயின. அக்கா வழக்கம்போல வந்தார், பூ உதிர்த்தார், வழக்கம்போல என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் நான் எனக்கு நானே வக்கீலானேன். அவருக்கு இன்னொரு வேலை சுலபமாகக் கிடைக்கும், ரத்தப் பரிசோதனை நிலையம் எங்கேதான் இல்லை, எனக்கு இன்னொரு பட்டம் கிடைக்காது. வாதம் நன்றாகத்தான் இருந்தது. சோறுதான் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியர் அறைக்குப் போனேன். பழைய அளவீடுகளை விட்டுவிடலாம், புதிதாகத் தொடங்கலாம் என்று மட்டும் சொல்வதாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டை மடித்து மேஜைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் சாவிக்கொத்து. முடிவு சொல்லியாகிவிட்டது என்று புரிந்தது.

“எல்லா சாவியும் இருக்கா?” என்றார் பேராசிரியர், நிமிராமல்.

“அலமாரியோட ரெண்டாவது சாவி இல்ல சார். இப்பத்தான் எண்ணிப் பாத்தேன். எங்கயோ தொலைச்சிருக்கேன். நாந்தான்.”

வேலை போய்விட்டது. இனி அந்தச் சாவியை யாரும் தேடப்போவதில்லை. அப்போதும் சொல்கிறார். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“சார், அழுக்கு செல்லில் இல்லை. என் கையில் இருந்தது. குங்குமம் சார்.”

“குங்குமமா?” என்றார். மறுபடியும், “குங்குமமா?” நான் கைப்பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியரின் முகம் சிவந்தது, வெளுத்தது. பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

“உனக்கு இது தெரியுமா?”

“செவ்வாக்கெழமையே தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா இங்க வந்து கோட்டைக் கழட்டி வெச்ச? ஏன் சொல்லல?”

“அது மேடத்தோடது சார்.”

பேராசிரியர் மடித்த கோட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். பிறகு சாவிக்கொத்தை அக்கா பக்கமாகத் தள்ளினார். “அந்த ரெண்டாவது சாவிக்கு டூப்ளிகேட் போட்டுக்கோ” என்றார். கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என்னை அவர் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை. அதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அடுத்த நாளே மறுபடி அளந்தோம். இருட்டறைக் கதவருகே அக்கா என்னை நிறுத்தினார். நான் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

“இன்னா மேடம், நெத்தி பாழா கீது? வெச்சுக்குங்க, யாரு வேணான்னாங்க? கைய மட்டும் சோப்பு போட்டு கழுவிக்கினு வாங்க.”

கோடு ஏறியது. சரிந்தது. பதினான்கில் அடங்கி, பூஜ்யத்தில் படுத்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய லூட்டீன். புது நிலை இல்லை, பெரிய கட்டுரை இல்லை. சாதாரண எண்களோடு ஒரு சாதாரண ஆய்வேட்டை எழுதிக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கொடுத்தேன். பட்டம் வந்தது. அதை வைத்துத்தான் இன்றைக்குத் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, மறுபடி அளந்த அன்று சாயங்காலம் நடந்தது. சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெகுநாள் கழித்து எனக்கு மனம் லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, கடைசியில் சொல்லிவிட்டேனே என்று. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

“நான் சொல்லிடுவேன்னு நம்பித்தானே அக்கா மூணு நாளும் அமைதியா இருந்தீங்க?”

அக்கா டம்ளரை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கூச்சம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“இல்ல மேடம். நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதான் நெனச்சேன். உங்களப் போய் தப்பா நெனச்சுட்டேன். நாலு நாளா அத்த வெச்சுகினு கீறேன். மன்னிச்சுக்குங்க. அது என் தப்பு.”

சொல்லி முடித்ததும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. இன்னொரு டீ சொன்னார்.

நீங்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை அக்கா, வெள்ளிக்கிழமை நான் அந்த அறைக்குள் சொல்லாமல் இருக்கத்தான் வந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. “பரவாயில்லை அக்கா” என்றேன். அவர் செய்யாத ஒரு தப்புக்கு அவரை மன்னித்துவிட்டு, டீயையும் வாங்கிக் குடித்தேன்.